அடுத்த ஆயில் மாற்றும் தேதி

போன மாசம் ஒரு காலைல ஷர்மிளா போன் பண்ணுச்சு. நான் அப்போ திருத்தணியில எங்க அண்ணனோட லாரி ஷெட்ல உக்காந்து டீ குடிச்சிகினு இருந்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேற இன்னா வேலை. ஷர்மிளா, சென்னையில நான் வேலை பாத்த பெரிய ஆஸ்பத்திரி ரத்த வங்கியில இப்போ சீனியர் டெக்னீசியன். நான் கெளம்பறதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடி வந்து சேர்ந்த பொண்ணு. கெட்டிக்காரி. அதனாலயே எனக்கு அது மேல கொஞ்சம் பயம்.

"காதர் சார், ஒரு சந்தோஷமான விஷயம். உங்க உதாரணத்த நோட்டீஸா அச்சடிச்சிட்டோம்."

"எந்த உதாரணம்மா?"ன்னு கேட்டேன். கேக்கறப்பவே எதுன்னு தெரிஞ்சிபோச்சு.

"அதான் சார், ஆயில் மாத்தறது. படிக்கறேன் கேளுங்க. 'பிளாஸ்மா மாற்று சிகிச்சை என்பது வண்டிக்கு ஆயில் மாற்றுவது போன்றது. கெட்டுப்போன ஆயில் எடுக்கப்பட்டு, புது ஆயில் ஊற்றப்படும். பயப்படத் தேவையில்லை.' கீழ 'நன்றி: காதர், ஓய்வு பெற்ற டெக்னீசியன்'னு உங்க பேரு போட்டிருக்கோம் சார்."

முப்பது வருஷத்துக்கு மேல சர்க்கார் சம்பளம் வாங்கினவன் நான். அத்தன வருஷத்துல ஒரு பாராட்டுக் கடுதாசி வந்ததில்ல. ஒரே ஒரு மெமோ வந்துச்சு, அதுவும் லேட்டா வந்ததுக்கு. அன்னிக்கி அரக்கோணத்துல சிக்னல் கோளாறு. என் பேரு அச்சுல வந்தது என் கல்யாணப் பத்திரிகையில, அப்புறம் இந்த நோட்டீஸ்ல. எத நான் செத்தாலும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்சேனோ, அதுக்கே நன்றி போட்டுட்டாங்க. அந்தக் கதையத்தான் இப்போ சொல்லப் போறேன்.

எங்க அத்தா லாரி மெக்கானிக். அண்ணனும் மெக்கானிக். எனக்கு மட்டும் கையில கிரீஸ் படறது புடிக்காது. அதுக்காகவே படிச்சேன். லேப் டெக்னீசியன் கோர்ஸ் முடிச்சி ரத்த வங்கியில சேர்ந்தேன். கிரீஸுக்குப் பயந்து போனவன் கை பூரா ரத்தம். திருத்தணிக்கும் சென்னைக்கும் தினம் லோக்கல் டிரெயின். மொத பத்து வருஷம் ரத்த குரூப் பாக்கறது, பாட்டில்ல லேபிள் ஒட்டறது, இதுலயே போச்சு.

அப்புறம்தான் அந்த மெஷின் வந்துச்சு. ஆளோட ரத்தத்த ஒரு குழாய் வழியா இழுத்து, உள்ள வேகமா சுத்தி, சிவப்பு அணுவையும் மஞ்சத் தண்ணியையும் தனித்தனியா பிரிக்கும். அந்த மஞ்சத் தண்ணிதான் பிளாஸ்மா. அத பையில புடிச்சிட்டு, சிவப்பு அணுவோட வேற சுத்தமான திரவத்தச் சேத்து உடம்புக்கே திருப்பி அனுப்பும். கம்பெனி இன்ஜினியர் ஒருத்தர் வந்து மூணு நாள் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அதுல ரெண்டு நாள், நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்னு நான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். மூணாவது நாள் சாயங்காலம் சாவியக் கையில குடுத்துட்டு, "எந்த பட்டனையும் தேவையில்லாம தொடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. என் படிப்பு அவ்ளோதான்.

மீதிய எல்லாம் சீஃப் கிட்ட கத்துகினேன். எங்க ரத்த வங்கி டாக்டர் அவரு. நாங்க பேரு சொல்ல மாட்டோம், சீஃப்தான். மடிப்பு கலையாத வெள்ளச் சட்ட, நடந்து வந்தா செருப்பு சத்தம் கேக்காது. நாம திரும்பிப் பாத்தா பின்னாடி நின்னுகினு இருப்பாரு. பத்து நாள் சேத்து அவரு பேசறதத்தான் எங்க அண்ணன் ஒரு கஸ்டமர் கிட்ட பேசுவாரு. அவரு அதிகமா சொன்ன வார்த்த ஒண்ணுதான்: "எழுதுனியா?"

ஒருநாள் மெஷின் ஓடிகினு இருக்கறப்ப ஒரு அம்மாவுக்கு உதடு மரத்துப்போச்சு, விரல் இழுத்துகிச்சு. ரத்தம் உறையாம இருக்க நாங்க சேக்கற மருந்து உடம்புல இருக்கற கால்சியத்தப் புடிச்சிக்கும், அதனால வர்றது. நான் வேகத்தக் கொறச்சேன், டாக்டரக் கூப்ட்டு கால்சியம் ஊசி போட வெச்சேன், பத்து நிமிஷத்துல அந்த அம்மா சிரிச்சாங்க. எனக்குக் கொஞ்சம் தல கனம் ஏறிப்போச்சு. சீஃப் வந்து, எல்லாத்தயும் கேட்டு, "எழுதுனியா?"ன்னாரு.

"ஞாபகம் இருக்கு சார், இதோ எழுதிடறேன்."

"உன் மண்டையில இருக்கறது சாயங்காலம் உன்கூடவே டிரெயின் ஏறி திருத்தணி போயிடும். பேஷன்ட் இங்கதான் இருப்பாங்க. எழுது."

நான் என் பொண்ணு கல்யாணப் பத்திரிக வெச்சப்ப கூட, வாங்கிப் பிரிச்சி, கவர் மேல பாத்து, "என் பேரு எழுதலையே"ன்னாரு. எழுதிக் குடுத்தேன். கல்யாணத்துக்கு வரல. ஆனா அன்னிக்கி வந்த தந்தி மாதிரி சின்ன கடுதாசியில 'வாழ்த்துகள்'னு அவரு கையாலயே எழுதியிருந்தாரு.

இப்போ வியாதிக்கு வரேன். பெம்ஃபிகஸ்னு ஒரு தோல் வியாதி. நம்ம தோலுல ஒரு அடுக்கும் இன்னொரு அடுக்கும் ஒட்டிகினு இருக்க உள்ள ஒரு பசை மாதிரி இருக்கு. வெளிய இருந்து வர்ற கிருமிய அடிக்க வேண்டிய உடம்போட படை, புத்தி கெட்டுப்போய் அந்தப் பசைய அடிக்க ஆரம்பிச்சிடும். மொதல்ல வாயில புண்ணு. அப்புறம் உடம்பு பூரா கொப்புளம். லேசா தேச்சா தோலு கையோட வந்துடும். பெட்ஷீட் மேல படுத்தா ஒட்டிக்கும், பிரிச்சா ரத்தம். அதனால எங்க தோல் வார்டுல இளசான வாழ இலைய நல்லா கழுவித் தொடச்சி, எண்ண தடவி, அது மேல படுக்க வெப்பாங்க. சம்பளம் வாங்கற மெஷின் ஆபரேட்டர் நான். ஆனா பாதி நாள் திருத்தணி மார்க்கெட்ல இலைக்கட்டு வாங்கி டிரெயின்ல ஏத்திகினு போவேன். "இன்னா பாய், யாரு வீட்ல விருந்து?"ம்பாங்க கூட வர்றவங்க. ஆங், பெரிய விருந்துன்னு சொல்லிட்டு உக்காந்துப்பேன்.

அந்தக் கெட்ட படை ஓடிகினு இருக்கறது பிளாஸ்மாவுலதான். அதான் மாத்திர மட்டும் போட்டு அடங்காதவங்கள எங்க மெஷினுக்கு அனுப்புவாங்க. கழுத்து நரம்புல ரெட்டக் குழாய். ரெண்டு ரெண்டர மணி நேரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், அஞ்சு தடவ. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு லிட்டர் மஞ்சத் தண்ணி பையில இறங்கும்.

அப்படி வந்தவருதான் முனிரத்னம். ஆர்.கே.பேட்டையில ரெண்டு பவர்லூம் வெச்சி ஓட்டிகினு இருந்தாரு. நாப்பது வயசு இருக்கும். வீட்ல தெலுங்கு, வெளிய தமிழ். சம்சாரம் பேரு சரளா. மாமன் மகன கட்டிகினதால அவர 'பாவா'ன்னுதான் கூப்டும். மொத ரெண்டு மாசம் அம்மன்னு சொல்லி வேப்பில மேல படுக்க வெச்சிருக்காங்க. அடுத்த மாசம் அக்கின்னு சொல்லி காவியில ஒடம்பு பூரா எழுதியிருக்காங்க. எங்க கிட்ட வர்றப்ப முதுகுல தோலே இல்ல. எங்க ஊரு பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு பாசம். அவருக்கும் அப்படித்தான்.

மெஷினப் பாத்ததும் பயந்துட்டாரு. "பாய், ஒடம்புல இருக்கற ரத்தத்த எல்லாம் எடுத்துட்டு எப்படி உயிரோட இருப்பேன்?"

டாக்டருங்க சொல்லிப் பாத்தாங்க, புரியல. நான் என் வேலைய ஆரம்பிச்சேன். "நைனா, உன் தறிக்கு ஆயில் விடுவ இல்ல? ஆயில் கெட்டுப்போனா இன்னா ஆவும்?"

"சூடாவும். பல்சக்கரம் தேயும்."

"தேயுதுன்னு தறிய தூக்கிப் போட்டுடுவியா? ஆயில் மாத்துவ. அதத்தான் பண்றோம். கெட்ட ஆயில எடுக்கறோம், புது ஆயில ஊத்தறோம். தறி தறியாதான் இருக்கும்."

மொகம் தெளிஞ்சிபோச்சு. சரின்னு கழுத்தக் காட்டினாரு. பை நெறஞ்சதும் தல தூக்கி எட்டிப் பாத்தாரு. பிளாஸ்மா பாக்கறதுக்கு பொன்னு கணக்கா மஞ்சளா பளபளன்னு இருக்கும். "பாய், ஏமாத்தாதீங்க. ஆயிலு கறுப்பா இருந்தா மாத்துவோம். இது புதுசா தான் கீது. இத்த ஏன் எடுக்கறீங்க?"

தொழில் தெரிஞ்சவன் கேட்ட கேள்வி. வார்டே சிரிச்சிது. "பாக்கத்தான் புதுசு நைனா, உள்ள கெட்டுப்போச்சு"ன்னு சமாளிச்சேன். சீஃப் அன்னிக்கி என் பின்னாடிதான் நின்னுகினு இருந்திருக்காரு. அவரு கூட சிரிச்ச மாதிரி இருந்துச்சு. உறுதியா சொல்ல முடியாது.

அன்னிக்கி சாயங்காலம் சீஃப் என்னத் தனியா கூப்ட்டாரு. அதிசயமா நாலு வாக்கியம் சேந்தாப்ல பேசினாரு. "உதாரணம் நல்லா இருக்கு காதர். ஆனா வண்டி சும்மா இருக்கும், உடம்பு சும்மா இருக்காது. நாம எடுக்க எடுக்க, கொறஞ்சிபோச்சேன்னு முன்ன விட வேகமா செய்யும். மெஷின் கொஞ்ச நாள் தள்ளித்தான் போடும், அத அடக்கி வெக்கறது மாத்திரதான், அதையும் சேத்துச் சொல்லு."

"சரி சார்"னேன்.

சொல்லல. இதத்தான் நான் இத்தன வருஷமா வெளிய சொல்லாம வெச்சிருக்கேன். மறந்துட்டேன்னு சொன்னா பொய். எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிப் பாத்தேன். ஆயில் மாத்தின உடனே இன்ஜின் தானே கெட்ட ஆயில முன்ன விட வேகமா செய்யும்னு எந்த மெக்கானிக் கிட்ட போய்ச் சொல்றது? அத்த சொன்னா என் உதாரணம் ஒடஞ்சிடும். எல்லாரும் ரசிச்ச உதாரணம். ஒடையக் கூடாதுன்னு உண்மைய விட்டுட்டேன். மாத்திரயப் பத்திச் சொல்றது தோல் வார்டு டாக்டர் வேலைன்னு என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிகினேன்.

அஞ்சு தடவையும் நல்லபடியா முடிஞ்சிது. மூணாவதுக்கு அப்புறம் புதுக் கொப்புளம் வரல. அஞ்சாவதுக்கு அப்புறம் முதுகுல புதுத் தோலு, ரோஸ் கலர்ல. சரளா கையெடுத்துக் கும்பிட்டுது. எனக்குத் தரைல கால் நிக்கல. அடுத்த நாள் அண்ணன் ஷெட்ல இருந்து ஒரு ஸ்டிக்கர் எடுத்துகினு போனேன். வண்டி கண்ணாடியில ஒட்டுவாங்களே, 'அடுத்த ஆயில் மாற்றும் தேதி'ன்னு போட்டு கீழ கோடு போட்டிருக்கும், அது. டிஸ்சார்ஜ் ஆகறப்ப மூணு மாசம் தள்ளி ஒரு தேதி போட்டேன். கிலோமீட்டர்னு இருந்த எடத்துல 'எவ்வளவு வேணா'ன்னு எழுதினேன். அவரு ஃபைல் மேல ஒட்டினேன். நர்ஸ் அம்மாங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. முனிரத்னம் சிரிக்கல. தேதிய ஒரு தடவ படிச்சிப் பாத்து, "ஆங், கரெக்டு பாய்"னு தல ஆட்டினாரு.

தோல் டாக்டரம்மா மாத்திர எழுதிக் குடுத்தாங்க. சாப்ட்டதும் போடணும், நிறுத்தக் கூடாது, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வரணும். சொன்னாங்க. கூட்டம் அன்னிக்கி, வேகமா சொன்னாங்க, பாதி இங்கிலீஷ்ல சொன்னாங்க. என் ஸ்டிக்கர் சுத்தத் தமிழ்ல இருந்துச்சு.

ரெண்டு மாசத்துக்கும் மேல ஆச்சு. ஒருநாள் காலைல நான் கையெழுத்துப் போட உள்ள நுழையறேன், தோல் வார்டுல இருந்து ஆள் வந்து, "பாய், உங்க ஊர்க்காரரு திரும்ப வந்துட்டாரு"ன்னாங்க. போய்ப் பாத்தேன். முன்ன வந்தது ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம். மார், முதுகு, தொடை, எல்லாம் ஒரே புண்ணு. கூட ஜுரம். சீழ் வாசன வாசல்லயே அடிச்சிது. கண்ண மட்டும் தொறந்து என்னப் பாத்தாரு.

"பாய், தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் கீது. அதுக்குள்ள வந்துட்டேன். பண்ணுவீங்களா?"

நான் பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

சரளா தான் சொல்லுச்சு. மாத்திரயால மொகம் உப்பிடுச்சு, வயிறு எரிஞ்சிது. தெருவுல எல்லாம் 'இன்னா முனிரத்னம், மாமியார் வூட்டு சாப்பாடா'ன்னு கேலி. ஒன்றர மாசத்துல நிறுத்திட்டாரு. ஆயிலே புதுசா இருக்கறப்ப மாத்திர எதுக்கு, அது ஆயில் மாத்தாத வண்டிக்குன்னு சொல்லியிருக்காரு. நிறுத்தின கொஞ்ச நாள்ல வாயில புண்ணு. அப்புறம் மார்ல கொப்புளம். ஆஸ்பத்திரிக்குப் போலாம் பாவான்னு சரளா அழுதிருக்கு. "சர்வீஸ் தேதி வரலமே. முன்னாடி போனா பாய் இன்னா நெனப்பாரு"ன்னு சொல்லி, அந்த ஸ்டிக்கர ஃபைல்ல இருந்து உரிச்சி தறி மேல ஒட்டி, தினம் அதப் பாத்துகினே காத்துகினு இருந்திருக்காரு.

எனக்கு மரியாத குடுத்து காத்துகினு இருந்தாருங்க. அந்த மரியாதைய நான் இன்னிக்கி வரைக்கும் எங்க வெக்கறதுன்னு தெரியாம வெச்சிகினு இருக்கேன்.

சீஃப் வந்தாரு. கேஸ் ஷீட் என் கையில இருந்துச்சு. பாத்தாரு, புறங்கையால நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. அவருக்குக் கோவம் வந்தா குரல் இன்னும் கொறஞ்சிடும். குனிஞ்சி கேட்டாரு.

"மாத்திரய யார் நிறுத்தச் சொன்னது?"

முனிரத்னம் என்னப் பாத்தாரு. நான் கேஸ் ஷீட்டப் பாத்தேன். சரளா வாயத் தொறந்துச்சு. அவரு "நுவ்வு ஊருகோ"ன்னாரு, நீ சும்மா இருன்னு. அந்த ஒடம்புல அவ்ளோ அழுத்தமா எப்படிச் சொன்னாருன்னு தெரியல.

"யாரும் சொல்லல சார். நானாத்தான்."

சீஃப் என் பக்கம் திரும்பினாரு. "எழுது. பேஷன்ட் தானாகவே மருந்த நிறுத்திட்டாரு."

இங்கிலீஷ்ல ஒரே வரி. எழுதினேன். அதுல ஒரு எழுத்து கூட பொய் இல்ல, பாருங்க. யாரு வந்து படிச்சாலும் சரின்னுதான் சொல்லுவாங்க.

"எழுதுனியா?"

"எழுதிட்டேன் சார்."

ரெண்டு தடவ பிளாஸ்மா மாத்தினோம். கிருமி ரத்தத்துல ஏறிப்போயிருந்துச்சு, அதுக்கு வேற மருந்து ஓடிகினு இருந்துச்சு. மூணாவதுக்கு மெஷின் ரெடி பண்ணேன், ரத்த அழுத்தம் நிக்கல. சீஃப் வேணாம்னு கையக் காட்டினாரு. குழாயெல்லாம் மாட்டி வெச்சிருந்தத நானே கழட்டினேன். அவரு அப்பவும், "அடுத்ததுக்கு எப்போ பாய்?"னாரு. ரெண்டு நாள்லன்னேன்.

ரெண்டாவது நாள் நான் திருத்தணியில இருந்து இளசா பாத்து ஒரு கட்டு இலை வாங்கிகினு போனேன். வழக்கம் போல ஒருத்தர் விருந்தான்னு கேட்டாரு. வார்டுக்குள்ள போனா கட்டில் காலி. பெட்டத் தொடச்சி, ஈரம் கூட காயல. சரளா தரையில செவுத்துல சாஞ்சி உக்காந்துகினு இருந்துச்சு. அழுது முடிச்சிருந்துச்சு. என்னப் பாத்துச்சு, கையில இருந்த கட்டப் பாத்துச்சு.

"வீணாக்காதீங்க பாய். அந்தக் கோடி பெட் அம்மாவுக்குக் குடுங்க."

குடுத்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் கதவச் சாத்திகினு அழுதேன். சீஃப் கிட்ட போய்ச் சொல்லிடணும்னு நெனச்சேன். அவரு ரூம் வரைக்கும் போனேன். உள்ள யாரோ இருந்தாங்க. திரும்பி வந்துட்டேன். மறுநாளும் யாரோ இருந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் இல்லாத நாளும் வந்துச்சு, நான் போகல.

அன்னியில இருந்து அந்த உதாரணத்த நான் சொன்னதில்ல. ஆனா கேட்டவங்க சொல்லிகினே இருந்தாங்க. நர்ஸ் அம்மாங்க சொன்னாங்க, புதுசா வந்த டாக்டருங்க சொன்னாங்க. "காதர் பாய் சொல்ற மாதிரி"ன்னு ஆரம்பிப்பாங்க. நான் மெஷின் பின்னாடி குனிஞ்சி எதயாவது தொடச்சிகினு இருப்பேன். சீஃப் ரிட்டயர் ஆனாரு, அப்புறம் காலமும் ஆயிட்டாரு. இப்போ இந்த வியாதிக்கு நல்ல ஊசி ஒண்ணு வந்துட்டுது. அதுக்கும் அடங்காத ஒருத்தர் ரெண்டு பேருதான் மெஷினுக்கு வர்றாங்களாம். மெஷின் போனாலும் என் உதாரணம் போகாது போல.

ஷர்மிளா போன வெச்சதும் வாட்ஸப்ல நோட்டீஸோட போட்டோ வந்துச்சு. ஒரு மூலையில சிரிக்கற வண்டி படம் வேற. நான் டீ கிளாச வெச்சிட்டு எழுந்து ஆர்.கே.பேட்டை பஸ்ல ஏறிட்டேன். எதுக்குப் போறேன்னு எனக்கே சரியா தெரியல. அவங்க வீட்ட நான் பாத்ததே இல்ல. தெருவுல விசாரிச்சிகினு போனேன்.

சரளாவுக்கு முடி நரச்சிருந்துச்சு. ஒரு தறிய வித்துட்டு ஒண்ண வெச்சி ஓட்டிகினு இருக்குது. என்னப் பாத்ததும் தறிய நிறுத்துச்சு. சத்தம் நின்னதும்தான் அந்த வீடு எவ்ளோ சின்னதுன்னு தெரிஞ்சிது. தறி சட்டத்துல ஸ்டிக்கர் இருந்துச்சு. மங்கிப்போய், ஓரம் கிழிஞ்சி. என் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்துச்சு.

போன நீட்டினேன். கண்ணாடி போட்டுகினு மெதுவா படிச்சிது. ரெண்டு தடவ படிச்சிது.

"பாவா இதக் கேட்டுத்தான் தைரியமா படுத்தாரு"ன்னுச்சு. கண்ணாடியக் கழட்டிட்டு, "இதக் கேட்டுத்தான் செத்தாரு"ன்னுச்சு.

"ஆமாம்மா."

"உங்க மேல கோவம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் பாய். ரெண்டு வருஷம் உங்களத் திட்டிகினேதான் தறி ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வந்து பெரிய டாக்டர் கிட்ட சொல்லிடலாம்னு கூட கெளம்பினேன். ஆனா பாவா சாவறதுக்கு முன்னாடியே சொல்லக் கூடாதுன்னாரு. பாய்க்கு வேல போயிடும், நல்ல மனுஷன், நமக்கு புரியற மாதிரி பேசினது அவரு ஒருத்தருதான்னாரு."

எதுக்கும் ஒரு உதாரணம் வெச்சிருக்கறவன் நான். அன்னிக்கி ஒரு உதாரணமும் வெக்கல. மன்னிச்சிடும்மான்னு மட்டும் சொன்னேன். சரளா போனத் திருப்பிக் குடுத்துச்சு.

"இத ஜனங்களுக்குக் குடுக்கப் போறாங்களா?"

"அச்சடிச்சிட்டாங்க."

"அப்போ கீழ எழுதுங்க. மாத்திரய நிறுத்தாதீங்கன்னு எழுதுங்க. கொப்புளம் வந்தா அன்னிக்கே வாங்க, தேதிக்காகக் காத்துகினு இருக்காதீங்கன்னு எழுதுங்க. பெருசா எழுதுங்க. பாவாவுக்குக் கண்ணு கொஞ்சம் கம்மி." சொல்லிட்டு, யாருக்குக் கண்ணு கம்மின்னு அதுக்கே ஒறச்சிது. தறிய ஓட்ட ஆரம்பிச்சிடுச்சு.

அடுத்த நாள் காலைல லோக்கல் புடிச்சி சென்னை போனேன். ரெண்டு பேனா எடுத்துகினேன். ஷர்மிளா நோட்டீஸ் கட்டக் கொண்டாந்து மேஜ மேல வெச்சிது. எல்லாத்தயும் சொன்னேன். அது ஒரு நோட்டீஸ எடுத்து திரும்பப் படிச்சிது. அப்புறம், திருப்பி அச்சடிக்கலாம் சார், ஆனா சாங்ஷன் வாங்க ஆறு மாசம் ஆகும்னுச்சு. ஆறு மாசத்துல எத்தன பேரு படிப்பாங்கன்னு யாரு கண்டா. ஒவ்வொண்ணா எடுத்து, மொதல்ல என் பேர அடிச்சேன். அப்புறம் சரளா சொன்ன ரெண்டு வரிய, சொன்ன மாதிரியே, பெருசா எழுதினேன். ஷர்மிளாவும் எதுத்தாப்ல உக்காந்து பாதிக் கட்ட எடுத்துகிச்சு. மத்தியான சாப்பாட்டுக்குக் கூட எழுந்துக்கல.

கெளம்பறப்ப கேட்டேன். "பழைய கேஸ் ஷீட்டெல்லாம் எங்கம்மா இருக்கு?"

"அதெல்லாம் கிழிச்சி எடைக்குப் போட்டு எவ்ளோ வருஷம் ஆச்சு சார். ஏன் சார்?"

"ஒண்ணுத்துல ஒரு வரி திருத்த வேண்டியிருந்துச்சு."

அந்தக் காகிதம் இல்ல. சீஃபும் இல்ல. அதனாலதான் இத இங்க எழுதறேன். பேஷன்ட் முனிரத்னம் தானாகவே மருந்த நிறுத்தல. டெக்னீசியன் காதர் சொன்னத நம்பி நிறுத்தினாரு. சேத்துச் சொல்லச் சொல்லி சீஃப் சொன்னத காதர் சொல்லல. கேட்டப்பவும் வாயத் தொறக்கல.

எழுதிட்டேன் சார்.